பதினான்கு சிவப்புக் கோடுகள்

எங்கள் தமிழ் மன்றத்துச் செயலாளர் ஆண்டுவிழா ஒத்திகையின்போதே சொல்லிவிட்டார். "பாரும்மா, இந்தத் தடவையும் யாரும் சிரிக்கலன்னா அடுத்த வருஷம் டான்ஸ் மட்டும்தான் லா. கோவிச்சுக்காத."

போன ஆண்டு நான் எழுதிய நகைச்சுவை நாடகத்தைச் சபை மரியாதையாகப் பார்த்தது. அவ்வளவுதான். அதை நினைத்தாலே எனக்கு இருப்புக்கொள்ளாது.

கிள்ளானுக்குப் பக்கத்தில் மேருவில் ஒரு ரப்பர் கையுறைத் தொழிற்சாலையில் சோதனைப் பிரிவில் வேலை செய்தேன். கையுறைக்குள் தண்ணீர் ஊற்றித் தொங்கவிட்டு, ஒழுகுகிறதா என்று கடிகாரம் வைத்துப் பார்ப்போம். நாடகத்தையும் அப்படியே சோதித்தேன். சிரிப்பு வரவேண்டிய பதினான்கு இடங்களில் சிவப்புக் கோடு. அங்கே எத்தனை விநாடி நிறுத்த வேண்டும் என்று ஓரத்தில் ஓர் எண்.

கதை நடப்பது மினி பஸ்ஸில். ஆறு நாற்காலிகள்தான் பஸ். கண்டக்டராக நடித்தவர் கிள்ளானில் துணிக்கடை வைத்திருந்த அண்ணன். என் தாளை வாங்கிப் பார்த்தார்.

"சிரிப்பு என்ன லோரில வர்ற சாமானா தங்கச்சி? லிஸ்ட் போட்டு இறக்குறீங்க."

"நான் எழுதுனத மட்டும் பேசுங்கண்ணே. போதும்."

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி, பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு பழைய மண்டபம். தகரக் கூரை. நான் நான்கு தடவை வாசலுக்குப் போய் வானத்தைப் பார்த்துவிட்டு வந்தேன். திரை விலகியதும் மழை கொட்டியது.

முதல் வசனம் எனக்கே கேட்கவில்லை. இரண்டாவதுக்கு முன்வரிசைக்காரர் காதருகே கையைக் குவித்தார். அண்ணன் கழுத்து நரம்பு புடைக்கக் கத்தினார். ஐந்து கோடுகள் போய்விட்டன. மேடையில் நானும் ஒவ்வொரு கோட்டிலும் விநாடிகளை எண்ணி நின்றுகொண்டிருந்தேன். பின்வரிசையில் இரண்டு பேர் எழுந்தார்கள்.

அண்ணன் என்னைப் பார்த்தார். சந்தைப் பையோடு பஸ்ஸில் நிற்கும் ஆன்ட்டி வேடம் எனக்கு. பட்டியலில் மழை இல்லை. காலையில் நான் வந்த பஸ் ஞாபகம் வர, டிரைவர் பிரேக் போட்டதுபோல் சட்டென்று முன்னால் சாய்ந்தேன். அண்ணன் உடனே பிடித்துக்கொண்டார். முன்னால் இருந்தவர் மடியில் போய் விழுந்தார். மற்றவர்களும் சரிந்தார்கள். ஒன்றும் நடக்காததுபோல் எழுந்து தலைமுடியைச் சரிசெய்துகொண்டோம். அண்ணன் வாயே திறக்காமல், 'இன்னும் உள்ளே போங்க' என்று கையை ஆட்டினார்.

மறுபடி பிரேக்.

மழையைவிடச் சபையின் சிரிப்பு பலமாகக் கேட்டது.

முடிந்ததும் செயலாளர் வந்தார். "அடுத்த வருஷமும் நீதான் எழுதுற."

அண்ணன் துண்டால் முகத்தைத் துடைத்தபடி கேட்டார். "அந்த பிரேக் எத்தனாவது கோடு தங்கச்சி?"

கிள்ளானுக்குத் திரும்பும் பஸ்ஸில் நின்றுகொண்டே தாளை விரித்தேன். அந்தப் பிரேக்குக்குக் கோடு போட அதில் ஒரு வரிகூட இல்லை. என்ன எழுதுவது, எத்தனை விநாடி என்று எதை வைத்துச் சொல்வது? பேனாவைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தேன்.

ஒரு வளைவில் டிரைவர் நிஜமாகவே பிரேக் போட்டார். எல்லாரும் முன்னால் சாய்ந்தோம். நான் பக்கத்திலிருந்த ஓர் அக்காவின் மேல் விழுந்து எழுந்தேன். நான்கு விநாடி எண்ணிப் பார்த்தேன்.

ஒருவரும் சிரிக்கவில்லை.