காளிமுத்துவின் வயலில் ஏழாம் எண் மட்டை

எழும்பூரில் முந்தின நாள் மாலை ஏறிய ரயில் காலை ஆறு மணிக்கு என்னைத் தஞ்சாவூரில் இறக்கிவிட்டது. ஆடி மாதத்துச் செவ்வாய்க்கிழமை. கையில் ஒரு சின்னத் தோல்பெட்டி. தோளில் என் கோல்ஃப் மட்டைகள் இருந்த கான்வாஸ் பை. நிலையத்துக்கு எதிரே காபி மட்டும் குடித்தேன், முப்பது பைசா. ஒரத்தநாட்டுக்கு இருபத்திரண்டு கிலோமீட்டர். பஸ்ஸுக்குத் தொண்ணூறு பைசா.

கண்டக்டர் பையை விரலால் தட்டிப் பார்த்தார்.

"என்ன சார் உள்ள? துப்பாக்கியா?"

"விளையாடுற மட்டை."

"நல்ல ஆளு சார் நீங்க. ஊரு இருக்கிற இருப்புல நீளமா எதையாவது உறையில போட்டு எடுத்துக்கிட்டு வரலாமா? மிராசுதார் ஆளுன்னு ஒருத்தன் அடிப்பான். சங்கத்து ஆளுன்னு இன்னொருத்தன் அடிப்பான்."

பஸ் சிரித்தது. என்னால் சிரிக்க முடியவில்லை. நான் போய்க்கொண்டிருந்தது அந்தச் சண்டையின் நடுவுக்குத்தான்.

புது ஆறு என்ற கால்வாய் சாலையை ஒட்டிக் கரைதொட்டு ஓடியது. சுவர்களில் ஒரு பக்கம் ஆளுங்கட்சியின் இருவண்ணம், அதை ஒட்டியே செங்கொடி. 'உழுதவனுக்கே நிலம்' என்று பாதி எழுதி, சுண்ணாம்பு தீர்ந்து நிறுத்தியிருந்தார்கள். குறுவை போடாத வயல்களில் சம்பாவுக்கு ஏர் இறங்கியிருந்தது.

நான் எதற்குப் போகிறேன் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். நான் ரயில்வேயில் என்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவன். முப்பது வருடம் கோல்ஃப் ஆடியவன். கிண்டி மைதானத்தில் என் பெயர் தெரியாதவர் குறைவு. ஒரத்தநாட்டுக்கு அருகில் ஒரு கிராமத்து மிராசுதார் துரைசாமி. கல்லூரியில் என் அறைத் தோழன். உச்சவரம்புச் சட்டத்தில் நிலம் போகாமலிருக்க, தன் ஆறு ஏக்கர் வயலை விவசாயமே நடக்காத கோல்ஃப் மைதானம் என்று காட்டினான். பத்து வருடமாகத் தேர்ந்த ஆட்டக்காரர்கள் வந்து பழகும் இடமாம். சாட்சிக்கு ஒன்பது இரும்பு மட்டைகளைத் தாசில்தார் முன் வைத்தான். அவற்றை மதிப்பிட்டுச் சொல்ல, பங்குனியில் என்னை அழைத்தான். நான் போனேன். "பத்து வருடம் ஆடிய மட்டைகள்தாம்" என்றேன். அந்த ஆறு ஏக்கரைத் தலைமுறையாகக் குத்தகைக்கு உழுத காளிமுத்துவை அன்றுமுதல் துரைசாமி வயலில் இறங்க விடவில்லை.

நட்புக்காகச் செய்தேன் என்று சில வாரம் எனக்கே சொல்லிக்கொண்டேன். அது பாதிதான். ஓர் அதிகாரி என் பேச்சுக்கெல்லாம் தலையாட்டியது எனக்குப் பிடித்திருந்தது. இப்போது காளிமுத்து மனு கொடுத்து மறுவிசாரணை வந்திருந்தது. துரைசாமி மறுபடியும் என்னையே கூப்பிட்டிருந்தான்.

எட்டரை மணிக்கு அவன் வீடு. இலை போட்டாகிவிட்டது.

"வாடா வரதா! ரயில்ல தூங்கினியா?"

"துரை, இன்னிக்கு நான் உண்மையைச் சொல்லப்போறேன்."

"அதுக்குத்தானேடா வரவழைச்சேன். பொய் சொல்றதுக்கு உள்ளூர்லயே அம்பது பேர் இருக்கான்." வயிறு குலுங்கச் சிரித்தான்.

"காளிமுத்து உழுத நிலம்னு சொல்லப்போறேன்."

சிரிப்பு நின்றது. என் இலையில் சட்னியை அவனே ஊற்றினான்.

"உனக்கு மாசம் பொறந்தா பென்ஷன். நிலம் போற வலி உனக்கு எங்கடா தெரியும்?"

அவன் கேட்டதில் நியாயம் இருந்தது. எனக்குத் தெரியாதுதான். "அந்த வலி காளிமுத்துவுக்கும் இருக்கும்ல?" என்றேன்.

"சாப்பிட்டுட்டு எழுந்திரு. அப்பறம் இந்த வாசல் உனக்கில்ல."

நான் சாப்பிடவில்லை. பையை எடுத்துக்கொண்டு வயலுக்கு நடந்தேன். ஒன்றரைக் கிலோமீட்டர் இருக்கும். முந்தின நாள் பெய்த மழையில் வண்டிப்பாதை சேறாகிக் கிடந்தது.

பதினொரு மணிக்குத் தாசில்தார் ஜீப்பில் வந்தார். துரைசாமி காரில் வந்தான். என் பக்கம் திரும்பவில்லை. ஆறு ஏக்கரும் அருகம்புல். நடுவில் ஒரு குழியும் மூங்கில் கழியில் ஒரு கொடியும். வரப்பில் காளிமுத்துவும் அவர் மனைவி அஞ்சலையும், கூட முப்பது பேரும் நின்றார்கள். என் மட்டைகளையும் துரைசாமியின் மட்டைகளையும் இரண்டு சாக்குகளில் பக்கம் பக்கமாகப் பரப்பினேன்.

"ஏஞ் சாமி, ஒரு குண்டைக் குழியில தள்ள இத்தன கம்பியா? என் வூட்டுக்காரரு ஒத்தக் குச்சியில நாலு மாட்டைத் தள்ளிக்கிட்டுப் போவாரு," என்றாள் அஞ்சலை. வரப்பு முழுக்கச் சிரித்தது. தாசில்தாரும் உதட்டைக் கடித்துக்கொண்டார்.

"சார், பத்து வருசம் ஆடின மட்டைன்னு போன தடவை நீங்கதானே சொன்னீங்க?" என்று கேட்டார் தாசில்தார்.

"நான்தான் சொன்னேன். அது பொய்."

சிரிப்பு அடங்கியது. நான் நிறுத்தவில்லை, நிறுத்தினால் திரும்பத் தொடங்க முடியாது என்று தெரியும்.

இரண்டு சாக்கிலும் இருந்த மட்டைகள் அச்சில் வார்த்தவை அல்ல. காய்ச்சி அடித்து உருவாக்கியவை. மென்மையான எஃகு. மட்டை முகத்தின் நடுவில் பந்து பட்டால் கைக்கு ஒன்றுமே தெரியாது. ஒரு விரற்கடை தள்ளிப் பட்டால் முழங்கை வரை விறைக்கும். அதனால்தான் தேர்ந்தவர்கள் மட்டும் இதை வைத்துக்கொள்வார்கள். மென்மையான எஃகு என்பதால் பட்டதெல்லாம் தடமாக நிற்கும். இதைத் தாசில்தாருக்கு விளக்கி, என் ஏழாம் எண் மட்டையைக் கொடுத்தேன். அதிகம் ஆடும் மட்டை அது. முகத்தின் நடுவில் கால் ரூபாய் அளவுக்குப் பூச்சு தேய்ந்திருந்தது. அடிவிளிம்பு முழுவதும் கல் பட்ட வடு. பிறகு என் இரண்டாம் எண். அடிப்பதற்கு மிகக் கடினமானது, வருடத்துக்குச் சில தடவைதான் எடுப்பேன். ஏறக்குறைய புதிது.

"இப்ப அவர் மட்டையப் பாருங்க. ஒம்பதும் ஒரே அளவு தேஞ்சிருக்கு. ரெண்டும் ஏழும் ஒண்ணுபோல. கோடெல்லாம் ஒரே திசையில ஓடுது. உப்புத்தாள் போட்டு யாரோ சிரத்தையா தேச்சிருக்காங்க. எந்த ஆட்டக்காரனும் ஒம்பது மட்டையையும் சமமா ஆடமாட்டான்."

துரைசாமி முன்னால் வந்தான். "மட்டை எப்படியும் போகட்டும் சார். மைதானம் பழசு. புல்லைப் பாருங்க."

நான் என் ஏழாம் எண்ணை எடுத்து ஒரு பந்தைப் புல்லில் வைத்து அடித்தேன். நல்ல அடி. பந்து கொடியைத் தாண்டிப் போனது. மட்டை சீவிய ஒரு புல்மண் பத்தை, உள்ளங்கை அகலத்துக்கு, நாலடி தள்ளி விழுந்தது. அதைப் புரட்டிக் காட்டினேன். அருகம்புல் வேருக்குக் கீழே, அரிவாள் வெட்டு மாறாமல், நெல் தாள்கட்டை.

"தை மாசம் அறுத்த தாள். மேல புல்லை ஒட்டியிருக்காங்க," என்றேன். "பங்குனியிலயும் என் முதல் அடிக்கே இது வந்துச்சு. நீங்க பந்து போன பக்கம் பாத்துக்கிட்டிருந்தீங்க. பேந்த பத்தையை எடுத்து அதே எடத்துல வெச்சுக் காலால அழுத்தணும்கிறது எங்க ஆட்டத்துல மரியாதை. அந்த மரியாதையைச் செஞ்சு, இதை மறைச்சேன்."

தாசில்தார் குனிந்து ஒரு தாளைப் பிடுங்கினார். அது வேரோடு வந்தது. பக்கத்தில் இன்னும் இரண்டு இடத்தில் தன் செருப்பு முனையால் புல்லை விலக்கிப் பார்த்தார். அங்கும் அதே.

"இன்னிக்கே இங்கேயே உத்தரவு போட எனக்கு அதிகாரம் இல்ல," என்றார். "ஆனா சாகுபடியைத் தடுக்கச் சொல்லியும் உத்தரவு இல்ல. உழுறவர் உழலாம். தடுத்தா என்கிட்ட பதில் சொல்லணும், மிராசுதார்."

துரைசாமி காரில் ஏறினான். கதவைச் சாத்தும் முன் ஒரு நொடி என்னைப் பார்த்தான். அறையில் ஒரே விளக்கில் நான்கு வருடம் படித்த முகம். இனி நான் அதைப் பார்க்கப்போவதில்லை.

நான் காளிமுத்துவிடம் போனேன். மன்னிப்புக் கேட்க வார்த்தை தேடியபோது அவரே பேசினார்.

"எல்லாம் சரிங்கய்யா. இதையே பங்குனியில சொல்லியிருந்தா?"

காளிமுத்து வயலைக் கையால் காட்டினார்.

"தாளுக்குள்ள உளுந்து நின்னுச்சு. காயோட புடுங்கிப்புட்டுத்தான் புல்லு வெச்சாங்க. சொல்லியிருந்தா குறுவை போட்டிருப்பேன். இந்நேரம் கதிரு வாங்கியிருக்கும்." குரலில் கோபமில்லை. மழையளவு சொல்வதைப் போலச் சொன்னார். பிறகு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வாய்க்கால் பக்கம் போனார்.

நான் அங்கேயே நின்றிருந்தேன். வாய்மடையை வெட்டிவிட்ட சத்தம் கேட்டது. புல்லுக்குள் தண்ணீர் நுழைந்து பரவியது. மூங்கில் கழியை ஒருவர் பிடுங்கி, பந்தல் போட உதவும் என்று தோளில் வைத்துக்கொண்டார்.

"ஒங்க கம்பியத் தூக்குங்க சாமி, தண்ணி வருது!" என்று அஞ்சலை கத்தினாள்.

மட்டைகளை அள்ளிப் பையில் போட்டுக்கொண்டு வரப்பேறினேன். ஒரத்தநாட்டுக்கு மூன்று கிலோமீட்டர் நடந்து பஸ் பிடித்தேன். மாலை ரயிலுக்கு நேரம் இருந்தது.

ஊர் திரும்பும் வழியில் எங்கள் கிளப்பைப் பற்றித்தான் யோசித்தேன். ஒருமுறை என் மட்டை பட்டுப் பந்து அரை அங்குலம் அசைந்தது, யாரும் பார்க்கவில்லை. நானே சொல்லி, ஓர் அடியை அபராதமாக என் கணக்கில் ஏற்றிக்கொண்டு, அந்தப் போட்டியில் தோற்றேன். அன்று மாலை எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். வருடக்கணக்கில் அதைச் சொல்லிக் காட்டினார்கள். நானும் கேட்டு மகிழ்ந்தேன். அரை அங்குலத்துக்கு அவ்வளவு நேர்மையாக இருந்தவன்தான் ஆறு ஏக்கரைக் காலால் மிதித்து மூடினான்.

காளிமுத்துவின் வரப்பில் யாரும் கைதட்டவில்லை. அவர்களுக்கு நாற்றங்கால் வேலை இருந்தது.