பக்கத்தில் நின்ற பிக்கப்

எஃப்சி வாங்கத் தேனி ஆர்டிஓ ஆபீசுக்குப் போன என் பழைய பிக்கப் வேனை நிறுத்திவைத்துவிட்டார்கள். சேசிஸ் நம்பர் ஆர்சி புத்தகத்தோடு ஒத்துப்போகவில்லை. அலைந்து ஓய்ந்து நிழலில் உட்கார்ந்தபோது, அதே சிக்கலோடு பண்ணைப்புரத்து விவசாயி ஒருவர் வந்தார். புத்தகங்களை மாற்றிப் பார்த்தோம். என் புத்தகத்திலிருந்த சேசிஸ் நம்பர் அவர் வண்டியில், அவருடையது என் வண்டியில். எங்களுக்கு விற்பதற்கு முன் இரண்டுக்கும் பெயிண்ட் அடித்த கம்பத்துப் பட்டறையில் நம்பர் பிளேட்டுகளை மாற்றி மாட்டியிருக்கிறார்கள். இத்தனை வருஷமாக யாரும் குனிந்து பார்க்கவில்லை.

என்னுடையது துருப்பிடித்த தகரம். அவருடையது எண்ணெய் தேய்த்துக் குளித்ததுபோல் நின்றது. என் கண் போன இடத்தை அவர் கவனித்துவிட்டார்.

"நம்பர்படி அது ஒங்க வண்டிதாண்ணே. ஓட்டிப் பாருங்க," என்று சாவியை நீட்டினார்.

ஆசையோடு ஏறினேன். கிளட்ச் மிதியின் மேல் தடித்த மரக்கட்டை ஒன்றைப் போல்ட் போட்டு முறுக்கியிருந்தார். கால் வைத்ததும் என் முழங்கால் ஸ்டியரிங்கில் முட்டியது. அவருடைய குட்டையான இடதுகாலை அப்போதுதான் பார்த்தேன். கட்டையின் நடுவில் அவர் பாதம் தேய்த்த குழி.

இறங்கிவிட்டேன். "இது ஒங்க காலுக்குப் பழகுன வண்டிய்யா. வச்சுக்கங்க."

அவர் மூச்சுவிட்டுச் சிரித்தார். "ஒங்க டப்பாவ எப்பிடி ஓட்டப்போறேன்னு பதறிப்போயிட்டேன்ணே!"

ஆளுக்கொரு ஸ்பேனரோடு பிளேட்டுகளை மாற்றினோம். இப்போது புத்தகப்படி என் வண்டி அவருடையது; அதை நானே அவரிடம் வாங்கியதாகக் கையெழுத்துப் போட்டேன், அவரும் அப்படியே. திரும்பும் வழியெல்லாம் அது இருமியது. அன்று நான் அதைத் திட்டவில்லை.