ஜிப்பு மாட்டாத பை

வண்ணாரப்பேட்டையில் பை விற்கும் பாயின் கடையில் நான் முதலில் பார்த்தது ஜிப்பைத்தான். மூன்று கேமரா பைகளை எடுத்துப் போட்டார். ஒவ்வொன்றையும் திறந்து மூடி, திறந்து மூடிப் பார்த்தேன்.

"யம்மா, தேச்சே எடுத்துருவ போலகீதே. உள்ள பாரும்மா. லென்ஸு வெக்க தனித்தனியா தடுப்பு கீது."

தடுப்பு எல்லாப் பையிலும்தான் இருக்கிறது. ராயபுரத்துக் கடற்காற்றில் ஜிப்பு எத்தனை நாள் தாங்கும் என்பதுதான் எனக்குத் தெரிய வேண்டும். உப்பு பிடித்தால் அது நகராது. என் வீட்டுக்காரர் ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போய் வந்ததும் கையோடு மெழுகுவத்தித் துண்டால் தன் கேமரா பையின் ஜிப்பைத் தேய்த்து வைப்பார். அவர் படுக்கையில் விழுந்த இரண்டு மாதமும் நான் தேய்க்கவில்லை. அவரைப் பார்ப்பேனா, ஜிப்பைப் பார்ப்பேனா.

அவர் போட்டோகிராபர். நான் லைட் பிடிப்பவள். பதினெட்டு வருஷம், கல்யாணமோ, பிள்ளைகள் முதல்முதலாக நன்மை வாங்கும் புதுநன்மையோ, சாவோ, அவர் பையை மாட்டிக்கொண்டு முன்னால் போவார், நான் ஸ்டாண்டைத் தூக்கிக்கொண்டு பின்னால் போவேன். எங்கள் பக்கம் சாவு வீட்டில் பெட்டியை மூடுவதற்கு முன் வீட்டு மனிதர்கள் எல்லாரும் சுற்றி நின்று ஒரு போட்டோ எடுத்துக்கொள்வார்கள். கப்பலிலோ துபாயிலோ மாட்டிக்கொண்ட மகனைப் பிற்பாடு கம்ப்யூட்டரில் ஒட்டிச் சேர்ப்பதும் உண்டு. அதற்காகவே அவர், "வராதவனுக்கு ஓராள் இடம் வுட்டு நில்லுங்கபா" என்று சொல்லித்தான் ஆட்களை நிறுத்துவார். கேட்டுக் கேட்டு எனக்கும் அது பழகிவிட்டது.

நாலு மாதத்துக்கு முன் அவரே பெட்டியில் இருந்தார். ஃபாதர் வந்துவிட்டார், போட்டோ எடுக்க ஆளில்லை. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். "நீயே எடுத்துடேன்" என்றாள் நாத்தனார். சரி என்று எழுந்தேன். இன்றைக்கு நினைத்தால் ஆத்திரமாக வருகிறது, அத்தனை பேரில் செல்போன் வைத்திருக்கிறவன் ஒருத்தன்கூடவா இல்லை. அன்றைக்கு ஒன்றும் வரவில்லை. பையை எடுத்தேன், ஜிப்பு நகரவில்லை. நாத்தனார் மீன் கத்தியைக் கொண்டுவந்து கொடுத்தாள். பால் பாக்கெட்டைக் கிழிப்பது போல அவருடைய பையைக் கிழித்துக் கேமராவை எடுத்தேன். ஆட்களை நிறுத்தினேன். ஒன்று, இரண்டு, மூன்று சொன்னேன். எல்லா முகமும் தெளிவாக விழுந்ததா என்று பார்த்துவிட்டு இன்னொன்றும் எடுத்தேன்.

பிரிண்ட் வந்த பிறகுதான் நாத்தனார் கேட்டாள். "ஐயே, நீ எங்க இதுல?"

"நாந்தான எடுத்தேன்."

"தலைமாட்டுல இடம் வுட்டுகீறியே, யாருக்கு? நம்ம வூட்ல ஃபாரின்ல யாரும் இல்லியே."

பழக்கதோஷம் என்றேன். அவள் விடவில்லை. "அப்ப உன்னியே அங்க ஒட்டிக்கலாம். வருஷப் பூசைக்குள்ள நீ நிக்கிற மாரி ஒரு போட்டோ குடு."

வீடு முழுக்கத் தேடினேன். ஆதார் அட்டையில் தலை மட்டும் இருக்கிறது. முழுசாக நிற்பது கல்யாணத்தன்று எடுத்த படத்தில்தான். அதற்குப் பிறகு எல்லாப் படத்துக்கும் நான் வெளியே நின்று வெளிச்சம் பிடித்திருக்கிறேன். கல்யாணப் பெண்ணைக் கொண்டுபோய்ப் பெட்டிக்குப் பக்கத்திலா நிறுத்த முடியும்? அத்தோடு அந்தப் பேச்சை விட்டுவிட்டேன்.

வருகிற ஞாயிறு பக்கத்துத் தெருவில் ஒரு புதுநன்மை. "நீ வரியா, வேற ஆள பாக்கவா?" என்று கேட்டார்கள். வருகிறேன் என்றேன். தைரியத்தில் சொல்லவில்லை, வேறு வேலை தெரியாது. கேமராவைத் துண்டில் சுற்றிக் கட்டைப்பையில் கொண்டுபோனால் எவன் மதிப்பான்? அதற்காகத்தான் கடைக்கு வந்தேன்.

முதல் பைக்கு அடி வெறும் துணி. சாவு வீட்டில் ஐஸ் பெட்டித் தண்ணீர் தரையில் நிற்கும், வேண்டாம். இரண்டாவதன் மார்ப்பட்டை ஆம்பளை அளவு, கழுத்தை அறுத்தது. மூன்றாவதுக்கு அடி கெட்டி, முதுகுப் பக்கம் திறக்கிறது, ஜிப்பின் மேல் ஒரு மூடி. எண்ணூர் அனல்மின் நிலையத்துச் சாம்பல்கூட உள்ளே போகாது. அளவு பார்க்கக் கொண்டுவந்த கட்டைப்பையில் இருந்ததையெல்லாம் எடுத்து அதில் அடுக்கினேன். அவர் அடுக்குகிற வரிசை எனக்குத் தெரியும். தோளில் மாட்டினேன். எட்டு கிலோ இருக்கும். "நீ தூக்காத, இடுப்பு புட்டுக்கும்" என்று ஒருநாளும் அவர் என்னிடம் கொடுத்ததில்லை.

"சோக்கா கீதும்மா" என்றார் பாய். "அப்டியே நில்லு, கடை ஸ்டேட்டஸுக்கு ஒண்ணு எடுத்துக்கிறேன்." செல்போனில் எடுத்து, என்னிடம் காட்டினார்.

நேராக நின்றிருந்தேன். கை இரண்டும் தொங்கிக்கொண்டு, முகத்தில் ஒன்றுமே இல்லாமல். பெட்டியைச் சுற்றி நிற்பவர்கள் அப்படித்தான் நிற்பார்கள்.

"பைய கழட்டிட்டு இன்னொண்ணு எடு பாய்."

"பை இல்லாம எனக்கு எதுக்கும்மா?"

"உனக்கு இல்ல, எனக்கு."

பையை இறக்கி வைத்தேன். இடது பக்கம் கொஞ்சம் திரும்பி, தலையைக் குனிந்து நின்றேன். பாய் போனைத் தூக்கிப் பிடித்தார். "தள்ளி நிக்கிறியேம்மா. நடுவுல வா, பக்கத்துல காலியா கீது."

"இருக்கட்டும் பாய்" என்றேன். "அங்க என் வூட்டுக்காரரு கீறாரு."