பக்கத்து வீட்டுப் புதுக் கூரை

எட்மண்டனில் எங்கள் வீட்டோடு சுவர் ஒட்டிய வீடு ரமணனுடையது. போன இலையுதிர் காலத்தில் அவர் கூரையை மாற்றினார். புது ஓடுகள் மழையில் மீன்முதுகு போல மினுங்கின. பார்க்கப் பார்க்க எனக்கு வயிறு எரிந்தது.

"அண்ணை, வேலையாக்கள் மேலை நிக்கேக்கையே உங்கட கூரையையும் ஒருக்காப் பாக்கச் சொல்லட்டே?" என்று கேட்டார்.

"எங்கட கூரைக்கு ஒண்டுமில்லை. நூறு வருசம் நிக்கும்," என்றேன்.

பொய். எங்கள் ஓடுகள் ஈரம் குடித்து, உறைபனியில் வெடித்து, செதில் செதிலாக உதிர்ந்துகொண்டிருந்தன. கூரைக்குக் கீழுள்ள லொஃப்டில் ஏறினால் ஓட்டிடுக்கில் வானம் தெரியும். அவர் கண்ணில் படக் கூடாதென்று, உதிர்ந்ததையெல்லாம் விடியுமுன் கூட்டி ஒளித்தேன்.

தை மாதம் பனி உருகி மகளின் கட்டிலில் ஒழுகியது. அவள் சத்தம் கேட்டு ரமணன் தார்ப்பாயோடு வந்து ஏணியில் ஏறினார். நான் ஏணியைப் பிடித்துக்கொண்டேன்.

"உங்கட ஓடு எங்கட பக்கமும் விழுறதண்ணை. நான்தான் கூட்டி அள்ளுறனான். சொன்னா உங்களுக்கு மனம் நோகுமெண்டு விட்டிட்டன்," என்றார் மேலிருந்து.

வைகாசியில் நானும் கூரையை மாற்றிவிட்டேன். ஆனாலும் ரமணன் மீதான பொறாமை தீரவில்லை. அவர் இடத்தில் நான் இருந்திருந்தால், ஏணியில் கால் வைக்குமுன் நாலு சொல் குத்திக் காட்டியிருப்பேன்.