துசாந்தினி காத்த மூலை

அடம்பனிலிருந்து உள்ளே போகும் மண் றோட்டில் எங்கள் பொதுக்காணி இருக்கிறது. எட்டு ஏக்கர், பதினாறு குடும்பங்களுக்குப் பொது. இது என் துண்டு என்று ஒருவரும் வேலி போட முடியாது. சண்டைக் காலத்தில் அதற்குள் மண் அணை போட்டு மிதிவெடி புதைத்திருந்தார்கள். சண்டை முடிந்தபின் ஒரு நிறுவனம் வந்து வெடிகளை அகற்றிச் சான்றிதழ் கொடுத்தது. அதற்குப் பிறகுதான் காணி எங்கள் கைக்கு வந்தது. மேல்மண் முழுவதும் அணைக்கு அள்ளுப்பட்டு, நாயுண்ணிப் பற்றை மட்டும் மிஞ்சிய நிலம். இலைகுழை போட்டோம், வரம்பு கட்டி மழைத் தண்ணீரை மறித்தோம், வேம்பும் புங்கையும் நட்டோம். ஏழு வருடத்தில் எள்ளு, உழுந்து, கச்சான், மரவள்ளி எல்லாம் விளைகிறது. விதைக்கோ உரத்துக்கோ நாங்கள் ஒரு கடை வாசலிலும் நிற்பதில்லை. சங்கத் தலைவர் நவரத்தினம் என்றால் அடம்பன் சந்தையில் தெரியும். அது நான்தான். துசாந்தினியைப் பற்றிச் சொல்ல வந்துவிட்டு என் பெருமையைப் பேசிக்கொண்டிருக்கிறேன், அது என் பழக்கம்.

துசாந்தினிக்கு இப்போது நாற்பது வயதிருக்கும். கடைசிச் சண்டையில் புருசன் போய்விட்டான். கையில் இரண்டு வயது மகன் யதுசன். வேறு வழியில்லாமல் மிதிவெடி அகற்றும் வேலையில் சேர்ந்து நாலு வருடம் செய்தாள். முகத்துக்குக் கண்ணாடி மூடி, காதில் ஒலி கேட்கும் கருவி, முழங்காலில் இருந்தபடி நாள் முழுக்க வெயிலில். எங்கள் பொதுக்காணியிலும் சுற்றியுள்ள எங்கள் வீட்டு வளவுகளிலும் வெடி அகற்றியவர்களில் அவளும் ஒருத்தி. காணி கைக்கு வந்தபோது அவளையும் ஒரு குடும்பமாகச் சேர்த்துக்கொண்டோம்.

நிலத்தைப் பார்த்தபடியேதான் நடப்பாள். புல்லுக்குள் கால் வைக்கமாட்டாள். விழுந்த காசைத் தேடுகிறாயா என்று நான் பகிடி பண்ணுவேன், சிரிக்கமாட்டாள்.

அதிகம் பேசாத அவள் முதல் கூட்டத்திலேயே எழும்பி ஒன்று கேட்டாள். வடமேற்கு மூலையில் பாலைமரம் நிற்கும் அரை ஏக்கரை அப்படியே விட்டுவிட வேண்டும், உழக் கூடாது, ஆடுமாடு விடக் கூடாது, ஆட்களும் போகக் கூடாது, குருவிக்கும் தேனீக்கும் ஓர் இடம் வேண்டும் என்றாள். சரி என்றோம். அடுத்ததாகப் பாதையைப் பிடித்துக்கொண்டாள். தண்ணீர் அள்ளும் வெளிக்கிணற்றுக்கு அந்த மூலையால் குறுக்கே போனால் கிட்ட. அவளோ கிழக்கால் சுற்றிப் போட வேண்டும் என்று நின்றாள். பெண்கள் தண்ணீர்க் குடத்தோடு இருநூறு அடி கூடுதலாக நடக்க வேண்டுமா என்று நான் கத்தினேன். கடைசியில் அவள் சொன்னதுதான் நடந்தது. பாதையைத் தானே வெட்டித் துப்புரவாக்கியும் தந்தாள்.

ஆள் நுழையாத அந்த மூலை நாங்கள் நட்டு வளர்த்த இடங்களை எல்லாம் வென்றுவிட்டது. காரையும் வீரையும் நாவலும் தானாக முளைத்தன, மயில் வந்து அடைகாத்தது. பார்க்க வருகிறவர்கள் முதலில் அதைத்தான் படம் எடுப்பார்கள். இயற்கைக்கு நாங்கள் கொடுத்த பங்கு இது என்று நான் பிரசங்கம் வைப்பேன், என் யோசனை மாதிரி. அப்போதெல்லாம் துசாந்தினி ஓரமாக நின்று வந்தவர்களின் கால்களையே பார்த்துக்கொண்டிருப்பாள். நெற்றி வியர்த்திருக்கும். கூச்சம் என்று நினைத்தேன். எவ்வளவு மடையன் நான்.

போன வருடம் மழை பிழைத்தது. வெளிக்கிணறு உவர்த்துப்போய், தண்ணீர்ப் பவுசர் எப்போது வரும் என்று றோட்டைப் பார்க்கும் நிலைக்கு வந்துவிட்டோம். யாரிடமும் கையேந்துவதில்லை என்று சொல்லித் திரிந்த எங்களுக்கு அது பெரிய வெட்கம். காணிக்குள் ஒரு சிறு குளம் வெட்டுவது என்று தீர்மானித்தோம். தண்ணீர் தானாக வந்து நிற்கும் பள்ளமான இடம் அந்த மூலைதான். துசாந்தினியைத் தவிர எல்லோரும் கை உயர்த்தினார்கள்.

மண் வெட்டும் பெக்கோ மெசின் வந்த காலை, அவள் அதற்கு முன்னால் போய் நிலத்தில் இருந்துவிட்டாள். எனக்குக் கோபம் ஏறிவிட்டது. எழும்பு என்று அதட்டிக்கொண்டு கிட்டப் போனேன். அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"அண்ணை, உள்ளுக்கை மிதிவெடி இருக்கலாம். இந்த இடம் பாத்தது நான். ஒரு துண்டு ஒழுங்காப் பாக்கேல்லை."

நான் முதலில் செய்தது என் காலைக் குனிந்து பார்த்ததுதான்.

வேலைக் காலத்தில் ஒரு நாள் யதுசனுக்குக் கடும் காய்ச்சல், மன்னார் ஆசுபத்திரியில் வைத்திருக்கிறார்கள் என்று செய்தி வந்திருக்கிறது. அவளுக்கு ஒதுக்கிய துண்டில் இன்னும் ஆறு மீற்றர் மீதி. முடித்துவிட்டு ஓடுவோம் என்று கருவியை ஆட்டியபடி போயிருக்கிறாள். காது அதில் இல்லை. கருவி கத்தியதா இல்லையா என்று இன்றைக்கும் அவளுக்குத் தெரியாது. மேற்பார்வைக்காரர் அங்கொன்று இங்கொன்றாகச் சோதித்துவிட்டுக் கையெழுத்து வைத்தார். ஏன் இவ்வளவு காலம் சொல்லவில்லை என்று கேட்டேன். சொன்னால் பதினாறு குடும்பத்திடமிருந்தும் காணியைத் திருப்பி எடுத்துவிடுவார்கள் என்று பயந்தாளாம். ஆள் போகாமல் காவல் காத்தால் போதும் என்று நினைத்தாளாம். எனக்கு அவளை அடிக்க வேண்டும் போலிருந்தது. என் மனைவி கனகம்மாதான் கையைப் பிடித்து எழுப்பி அவளைக் கூட்டிப்போனாள்.

வெடி அகற்றிய நிறுவனத்துக்கு அறிவித்தோம். காணி முழுவதையும் சிவப்பு நாடா கட்டி மூடினார்கள். முந்தின வருடம் ஏமாற்றிய ஐப்பசி மழை இந்த முறை அள்ளிக் கொட்டியது, நாங்கள் விதைக்க முடியாமல் வெளியே நின்று பார்த்தோம். சில பேர் துசாந்தினியோடு பேசுவதை நிறுத்தினார்கள். அவள் ஒவ்வொரு நாளும் வந்து நாடாவுக்கு வெளியே மூலையைப் பார்த்தபடி நிற்பாள். மழை விட்டபின் அந்த நிறுவனம் வந்தது. நாலு கிழமையாக மூலையை அங்குலம் அங்குலமாகப் பார்த்தார்கள். ஒன்றுமில்லை. ஒரு துருப்பிடித்த ஆணி கூட இல்லை. எனக்குச் சிரிப்பும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. வெருண்டவளின் பேச்சைக் கேட்டு ஒரு போகத்தை இழந்தோமே என்று அவள் காதுபடவே சொன்னேன்.

பிறகு அவர்களின் அதிகாரி பழைய வரைபடத்தைக் கொண்டுவந்தார். யார் எந்தத் துண்டைப் பார்த்தார்கள் என்று அதில் இலக்கம் போட்டிருந்தது. துசாந்தினியின் இலக்கத்தைத் தேடி விரலை வைத்தார். அது மூலையில் இல்லை. கிழக்குப் பக்கத்தில் இருந்தது. பாலைமரத்தை அடையாளமாக வைத்துத்தான் அவள் அந்த இடத்தை நினைவு வைத்திருந்தாள். அந்தக் காலத்தில் காணியில் இரண்டு பாலை நின்றிருக்கின்றன. கிழக்கே நின்றதை நாங்கள் வருமுன்னே யாரோ விறகுக்குத் தறித்துவிட்டார்கள்.

கிழக்கே எங்கள் பாதை. ஏழு வருடம் பெண்கள் தண்ணீர் தூக்கிய, பிள்ளைகள் ஓடிய, நான் விருந்தாளிகளைக் கூட்டிவந்த பாதை.

அங்கே தேடத் தொடங்கி இரண்டாம் நாள் ஒரு மிதிவெடியைக் கண்டுபிடித்தார்கள். பாதை விளிம்பிலிருந்து ஒரு சாண் தள்ளி. கனகம்மா குடத்தை இறக்கிவைத்து மூச்சு வாங்கும் இடம் அதுதான். பின்னேரம் அதை வெடிக்கவைத்தபோது தூரத்தில் நின்ற எங்களுக்கும் நெஞ்சு அதிர்ந்தது.

எல்லோரும் கலைந்தபின் நாங்கள் மூன்று பேர் மட்டும் றோட்டோரத்தில் இருந்தோம். துசாந்தினி பாதையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கனகம்மா மெதுவாகக் கேட்டாள்.

"பிள்ளை, மற்ற இடமெல்லாம் சரியாப் பாத்தனிதானே?"

"ஓம் அக்கா. சரியாத்தான் பாத்தனான் எண்டு நினைக்கிறன்."

மூலைதான் பிழையான இடம் என்றும் ஏழு வருடம் இப்படித்தான் நினைத்தாள். கனகம்மாவுக்கும் அது பட்டிருக்க வேண்டும். மற்றதையும் கேட்டாள்.

"எங்கட வீட்டு வளவு ஆர் பாத்தது?"

துசாந்தினி சீலைத் தலைப்பை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள்.

"நான்தான் அக்கா" என்றாள்.

கனகம்மா என்னைப் பார்த்தாள். மாடு கட்ட நேரமாகிவிட்டிருந்தது. வீட்டுக்குப் போக நாங்கள் இரண்டு பேரும் எழும்பவில்லை.