எனக்காக ஏறெடுத்த ஜெபம்

முதல் அடையாளத்தைக் கண்டது நான் அல்ல, என் நைனா (அப்பா).

கரையைத் தனி நிறத்தில் கோத்து நெய்யும் கோர்வைப் புடவைக்கு இரண்டு பேர் வேண்டும். நடுவில் உட்கார்ந்து நெய்பவர் நைனா. ஓரத்தில் இருந்து கரைக்கு நாடா (ஊடை நூலை ஓட்டும் கட்டை) போடுபவன் நான். எங்கள் வீட்டில் எஸ்.எஸ்.எல்.சி. வரை போன முதல் ஆள் நான்தான். ஆசிரியர் பயிற்சிக்கு இடம் கிடைக்கும்வரை பிள்ளையார்பாளையத்து வீட்டுத் தறியில் உட்கார்ந்திருந்தேன்.

"ஏம்பா, பட்டுல ரத்தம் இருக்குது. யாருதுன்னு பாரு" என்றார்.

என்னுடையதுதான். ஜரிகை இழை என் வலது சுண்டுவிரலை அறுத்திருந்தது. வலி இல்லை. சந்தன நிறப் பட்டில் கறையைப் பார்த்த பிறகும் அது என் விரல் என்று மனம் ஒப்பவில்லை.

செங்கல்பட்டுப் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா என்னைக் கண்ணை மூடச் சொன்னார். பஞ்சுத் திரியால் கையில் அங்கங்கே தொடுவார். தொட்ட இடத்தை நான் மறு கையால் காட்ட வேண்டும். நடுவில் நிறுத்திவிட்டார் என்று நினைத்துக் கண்ணைத் திறந்தேன். பஞ்சு என் சுண்டுவிரலின் மேல்தான் இருந்தது.

முழங்கையில் நரம்பு கயிறுபோல் தடித்திருந்தது. அங்கே இருந்த வெளிறிய திட்டை வெறும் தேமல் என்று விட்டிருந்தேன். காது மடலைக் கீறிச் சோதித்தார்கள் (தோலில் கிருமி இருக்கிறதா என்று பார்ப்பதற்கு). கிருமி தென்படவில்லை.

"குஷ்டம்தான் தம்பி. ஆனா உனக்கு வந்திருக்கிறது ஒட்டாத வகை. டாப்சோன் மாத்திரையை (கிருமியை அடக்கும் மருந்து) வருஷக்கணக்கா விடாம சாப்பிடணும். போன உணர்ச்சி திரும்புமான்னு என்னால சொல்ல முடியாது. இனிமே உன் கையை உன் கண்ணுதான் பாத்துக்கணும்."

சாவுக்கு நான் பயப்படவில்லை. ஆட்கள் விலகிப்போவதை நினைத்துத்தான் பயந்தேன். வீட்டுக்கு வெளியே ஒருவனிடம் மட்டும் சொன்னேன். தானியேல் என்னோடு ஒரே பெஞ்சில் படித்தவன், எங்கள் சபைக்காரன். "எனக்காக ஜெபம் பண்ணு. வேற யாருக்கும் தெரிய வேணாம்" என்றேன். அவன் என் வலது கையைப் பிடித்துக்கொண்டு அழுதான்.

எங்கள் சபையில் புதன்கிழமைதோறும் யாராவது ஒருவர் வீட்டில் ஜெபக்கூட்டம் நடக்கும். பாட்டு முடிந்ததும் எல்லோரும் முழங்காலிட்டு, கண்ணை மூடி, ஒவ்வொருவராகத் தங்கள் மனபாரத்தை வாய்விட்டுச் சொல்வார்கள். தானியேலின் முறை வந்தது.

"ஆண்டவரே, எங்க சகோதரன் சாமுவேலைப் பிடிச்ச குஷ்டரோகத்தை நீர் எடுத்துப்போடும்" என்றான். குரல் உடைந்திருந்தது.

நான் கண்ணை மூடியிருந்தேன். பக்கத்தில் பாய் சரசரக்கும் சத்தம் மட்டும் கேட்டது. ஆமென் சொல்லிக் கண்ணைத் திறந்தபோது என் பாயில் நான் ஒருவன்தான் இருந்தேன்.

தெருவில் அவனைப் பிடித்து நிறுத்தினேன். "இன்னாடா இப்படிப் பண்ணிட்ட?"

"நான் மனுஷங்க யார்கிட்டயாவது சொன்னேனா? ஆண்டவர்கிட்டதானேடா சொன்னேன்."

"அவருக்கு இன்னா காது மந்தமா? அவ்ளோ சத்தமா சொன்னியே."

"உனக்காக அழுதுக்கினு கேட்டேன்டா."

அவன் பொய் சொல்லவில்லை. எனக்கு இன்றும் ஆறாதது அதுதான். என் பேரில் வன்மம் இருந்து சொல்லியிருந்தால் வெறுத்துவிட்டுப் போயிருப்பேன்.

சில நாளில் ஐயர் (எங்கள் போதகரை அப்படித்தான் சொல்வோம்) கூப்பிட்டு அனுப்பினார்.

"சாமுவேலு, அடுத்த திருவிருந்துக்கு நீ எல்லாருக்கும் கடைசியா வாப்பா. எல்லாரும் வாய் வெச்சு திராட்சரசம் குடிக்கிற ஒரே கிண்ணம். சனங்க பயப்படுறாங்க."

"ஒட்டாதுன்னு டாக்டரம்மா சொன்னாங்க ஐயா."

"எனக்குத் தெரியும்பா. அவங்களுக்கு யார் எடுத்துச் சொல்றது?"

'நீங்கதான்' என்பது வாய்வரை வந்தது. சொல்லாமல் வந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு என்னால் ஜெபிக்க முடியவில்லை. ஜெபத்தாலேயே அடிபட்டவன் எந்த வாயால் ஜெபிப்பான்? ஞாயிறு பள்ளியில் சிறு வயது முதல் கேட்ட கதை மட்டும் மனதில் ஓடிக்கொண்டிருந்தது. குஷ்டரோகி ஒருவன் இயேசுவின் முன்னால் வந்து விழுகிறான். அவர் அவனைக் குணமாக்கிவிட்டுத் தொட்டார் என்றே நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அப்படி இல்லை. முதலில் தொட்டார். தொடும்போது அவன் உடம்பு முழுவதும் நோய் இருந்தது.

அப்படியானால் நான் ஏன் கடைசியில் போக வேண்டும்?

நோய் தெரிந்த பிறகும் நைனா என்னைத் தறியை விட்டு எழுந்துபோகச் சொல்லவில்லை. விரலில் துணியைச் சுற்றிவிட்டு, "நாடாவ போடு" என்று மட்டும் சொல்லியிருந்தார். அவரிடம் கேட்டேன்.

"ஞாயித்துக்கிழமை வரிசையோட போவட்டா நைனா?"

"பயமா இருக்குதா?"

"இருக்குது."

"எனக்குந்தான். வா, பக்கத்துல நான் முட்டி போடறேன்."

போனோம். பீடத்தின் முன்னால் நைனா என் இடப்பக்கம் முழங்காலிட்டார். வலப்பக்கம் காலியாகவே கிடந்தது. பிறகு தானியேல் எழுந்து வந்து அங்கே முழங்காலிட்டான். அந்தக் கணத்தில் அவனை முழுக்க மன்னித்துவிட்டேன்.

ஐயரின் கை என் முன்னால் வந்ததும் தயங்கியது. நான் இரண்டு கையாலும் கிண்ணத்தைப் பிடித்தேன். இடது கைக்கு வெள்ளி ஜில்லென்று இருந்தது. வலது கையின் ஓரத்து இரண்டு விரலுக்கு ஒன்றுமே தெரியவில்லை. குடித்தேன். ஐயர் விளிம்பைத் துடைத்துக்கொண்டு நகர்ந்தார்.

தானியேல் கண்ணை இறுக மூடியிருந்தான். உதடு ஏதோ ஜெபத்தை முணுமுணுத்தது. ஐயர் காத்திருந்தார். அவன் கண்ணைத் திறக்கவே இல்லை. கிண்ணம் அவனைக் கடந்து போனது.

அதன் பிறகு ஒவ்வொரு திருவிருந்துக்கும் வரிசையோடுதான் போகிறேன். சில வருஷம் கழித்து, நோய் போய்விட்டது என்று டாக்டரம்மா மாத்திரையை நிறுத்திவிட்டார். நான் இப்போது பள்ளிக்கூட வாத்தியார். உணர்ச்சி திரும்பவில்லை. சுண்டுவிரல் லேசாக மடங்கி நின்றுவிட்டது.

இதைப் படிக்கிற உங்கள் தோலிலும் கிள்ளினால் தெரியாத ஓர் இடம் இருக்கலாம். டாக்டரிடம் உடனே போய்க் காட்டுங்கள். வேறு யாரிடம் சொல்லலாம் என்று மட்டும் என்னைக் கேட்காதீர்கள்.

டம்ளர் ஆனாலும் சாக்பீஸ் ஆனாலும் முதலில் பார்க்கிறேன், பிறகுதான் எடுக்கிறேன். எல்லாமே எனக்கு இரண்டு முறை நடக்கிறது, கண்ணுக்கு ஒரு முறை, கைக்கு ஒரு முறை. நாள் அதனால் நீண்டுபோய்விட்டது. ஜெபிக்கும்போதும் நான் கண்ணை மூடுவதில்லை. கூப்பிய கையைப் பார்த்துக்கொண்டேதான் கேட்கிறேன், வாய் அசையாமல்.