நாற்பத்து நாலு சதுர அடி மிச்சம்

மைசூரில் மொசைக் தரைக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்த காளியப்பனை மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் கைகழுவிவிட்டது. ஆனாலும் நீளம் அகலம் சொன்னால் போதும், மேஸ்திரி பேனா மூடியைக் கழற்றுவதற்குள் சதுர அடியைச் சொல்லிவிடுவார். கோணல் அறையோ வால் மாதிரி நீண்ட வராந்தாவோ, பாலிஷ் மிஷினுக்கு எல்லாம் ஒன்றுதான்.

தொண்ணூற்று நாலாம் வருஷம் அவர் மனைவி பாப்பம்மாளுக்கு ஒரு பக்கம் விழுந்துவிட்டது. வாய் மட்டும் விழவில்லை. ஹனூரில் அண்ணன் மல்லப்பன் வீட்டில் கிடந்தாள். வீட்டில் என்றால் மாட்டுக் கொட்டாயில். விருந்தாளி வந்தால் நாறுகிறதாம். இடமிருந்தால் கூட்டிக்கொண்டு போகச் சொன்னார் மல்லப்பன். காளியப்பன் படுத்ததோ வேலை நடக்கிற கட்டடத்தில், சிமெண்ட் மூட்டைக்குப் பக்கத்தில்.

பெண்டாட்டிக்கு வாதம் என்றதும் வீட்டுக்காரர்கள் கதவைச் சாத்தினார்கள். கடைசியில் பசவராஜ் என்பவர், தன் இரண்டு வீடுகளுக்கு நடுவிலிருந்த சந்துக்கு மேலே ஷீட் போட்டு, முன்னால் கதவும் பின்னால் குழாயும் வைத்து, அதை வீடு என்று காட்டினார். நீளம் இருபத்து நாலடி, அகலம் மூன்றரை.

“எண்பத்து நாலு,” என்றார் காளியப்பன் உடனே. கட்டிலுக்குப் பதினெட்டு, தன் பாய்க்குப் பன்னிரண்டு, பெட்டிக்கு ஆறு, அடுப்புக்கு நாலு. நாற்பது போனாலும் நாற்பத்து நாலு மிச்சம். ஒரு கல்யாணமே வைக்கலாம். பசவராஜ் சிரிப்பை அடக்கிக்கொண்டு சாவியைக் கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை டெம்போவில் அண்ணனோடு பாப்பம்மாள் வந்து சேர்ந்தாள். மூன்றடி அகலக் கட்டிலை நீளவாக்கில் நுழைத்து, கால்மாட்டுப் பக்கமாக ஏறி அவளைப் படுக்க வைத்தார்கள். பக்கத்தில் மிஞ்சியது அரை அடி. அடுப்புக்குப் போவதென்றால் அவளைத் தாண்டித்தான் போகவேண்டும். தெருப்பிள்ளைகள் ரயில்பெட்டி என்று கூவி, டிக்கெட் கேட்டன.

அவளுக்கு முதுகெல்லாம் புண். அடிக்கடி புரட்டிப் போடவேண்டும். காளியப்பன் அந்த அரை அடியில் ஒருக்களித்து நின்று அவள் தோளுக்கடியில் கை கொடுத்தார். முழங்கை சுவரில் இடித்தது. மறுபடி கொடுத்தார். பாதி புரண்டவள் நழுவி, உணர்ச்சி இருந்த கன்னம் சுவரில் தேய்ந்தது. ரத்தம் பொட்டுப் பொட்டாக வந்தது.

“நாப்பத்து நாலு மிச்சம் இருக்குதே,” என்று முணுமுணுத்தார். மிச்சம் இருந்தது. அடுப்புக்கு அந்தப் பக்கம், நீளமாக, யாருக்கும் உதவாமல்.

கொட்டாயில் மாட்டைச் சுற்றி நாலு பக்கமும் நடக்கலாம் என்று வாசலில் நின்ற மல்லப்பன் யாரிடமோ பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

பாப்பம்மாள் கூரையைப் பார்த்தபடி சொன்னாள்: “அண்ணா, வண்டிய எடு. அங்க மாடாச்சும் திரும்பிப் படுக்குது.” பிறகு புருஷனிடம், “நீங்க எனக்கு எடம் பாக்கலீங்க மாமா. பாலிஷ் போடத் தரை பாத்திருக்கீங்க.”

அவளை மட்டும் தூக்கிக்கொண்டு போனார்கள். கட்டில் உள்ளே எங்கோ மாட்டிக்கொண்டு வரவில்லை. அதிலேயே காளியப்பன் படுத்தார், சுவரோரமாக ஒண்டி, முக்கால் கட்டிலைக் காலியாக விட்டு.

மாசியில் எட்டடிக்குப் பத்தடியில் ஓர் அறை கிடைத்தது. எண்பதுதான், போனதைவிட நாலு கம்மி. நடுவில் நின்று இரண்டு கையையும் விரித்துப் பார்த்தார். எதிலும் இடிக்கவில்லை. அன்றைக்கே ஹனூர் பஸ் ஏறினார்.

கொட்டாயில் மாடு மட்டும் இருந்தது. அவள் கண்ணை மூடிப் பத்து நாளாயிற்றாம். சொல்லியனுப்ப ஆள் கிடைக்கவில்லையாம்.